ஸ்கேனரில் பதினைந்து கோளாறு, காரில் ஒன்றுதான்: மாடியூல்கள் பேசாமல் போனால் எங்கே தேடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் காரில் திடீரென்று ஏபிஎஸ் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, செக் இன்ஜின் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரிகின்றன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. ஸ்டீயரிங் கனக்கிறது. இரண்டு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடலாம், ஆகாமலும் போகலாம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகினால் பத்துப் பதினைந்து எரர் கோடுகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பாதிக்கு மேல் ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கும்: யு0100, யு0121, யு0140 என்று. அடுத்து, ‘ஏபிஎஸ் மாடியூல் போயிடுச்சு சார், மாத்தணும்’ என்பார்கள். மாடியூல் என்பது காரின் ஒரு பகுதியைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கணினிப் பெட்டி. ஏபிஎஸ் மாடியூல் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது.

போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோடு அப்படிச் சொல்லவில்லை. யு0121 என்றால் ‘ஏபிஎஸ் மாடியூலிடமிருந்து எனக்குச் செய்தி வரவில்லை’ என்று வேறொரு மாடியூல் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். நாம் ஒருவருக்குப் போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்’ என்று வருகிறதே, அதே கதைதான். அவருடைய போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், டவர் இல்லாமல் இருக்கலாம், போனே உடைந்திருக்கலாம். அந்த அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுப்பதில்லை. காரில் மட்டும் இதைச் சர்வ சாதாரணமாகச் செய்கிறோம்.

கோடுகளின் முதல் எழுத்து கோளாறின் இடத்தைக் குறிக்கும். ‘பி’ என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சமாசாரம். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன். பாடி தொடர்பான ஏர்பேக், ஏசி, கதவு வகையறாவுக்கும் தமிழில் ‘பி’ என்றே எழுத வேண்டியிருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்துகள். ‘யு’ என்றால் இவற்றுக்கு இடையிலான பேச்சுவார்த்தை. இந்தக் கடைசி வகைக்கு வைத்தியம் பார்க்கும் முறை மற்ற மூன்றிலிருந்தும் முற்றிலும் வேறு.

இரண்டு வயரில் நடக்கும் பேச்சு

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் தொடங்கிய வேலை இது. 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்க மாநாட்டில் ஊவே கீன்கே தலைமையிலான குழு, மாடியூல்கள் இரண்டே வயரில் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்ற முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே இன்டெலும் பிலிப்ஸும் அதற்கான சிப்புகளைக் கொண்டுவந்தன. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடீஸ் தன் உயர்ரக வண்டிகளில் பயன்படுத்தத் தொடங்கியது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற தரநிலை வந்தது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாக் கார்களும் ஸ்கேனரோடு கேன் வழியாகத்தான் பேச வேண்டும் என்றாயிற்று. இந்தியாவில் பிஎஸ் 4 புகை விதிகளோடு, வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி முறை வந்தது, 2013 ஏப்ரலில் ஓபிடி 2. இன்று சின்ன ஹேட்ச்பேக்கிலும் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங், மீட்டர் போர்டு, பாடி கண்ட்ரோல் என்று அரை டஜன் மாடியூல்களாவது ஒரே ஜோடி வயரில் தொங்குகின்றன.

அந்த ஜோடியில் ஒன்றுக்கு கேன் ஹை என்றும் இன்னொன்றுக்கு கேன் லோ என்றும் பெயர். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டிருப்பார்கள். யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். ஒரு மாடியூல் பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு வயரையும் ஒரே அளவில் பாதிப்பதால் வித்தியாசம் மாறாது. முறுக்கு வைத்திருப்பது அதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சக்கரங்களின் வேகத்தை ஏபிஎஸ் மாடியூல் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை பொதுவில் சொல்லிக்கொண்டே இருக்கும். மீட்டர் போர்டு அதை எடுத்து முள்ளை நகர்த்தும், ஸ்டீயரிங் மாடியூல் அதைப் பார்த்து எவ்வளவு உதவி தருவது என்று முடிவு செய்யும், இன்ஜின் மாடியூலான ஈசிஎம் அதை வைத்து ஐடில் வேகத்தைச் சரிசெய்யும். கதவைத் தானாகப் பூட்டுவதற்குப் பாடி கண்ட்ரோலும் அதையே பயன்படுத்தும். வர வேண்டிய செய்தி தொடர்ந்து சில முறை வராவிட்டால், காத்திருந்த ஒவ்வொரு மாடியூலும் தன் நினைவில் யு0121 என்று எழுதிக்கொள்ளும். ஒரு மாடியூல் வாய் மூடினால் நாலு மாடியூல் புகார் எழுதுகிறது. பத்துப் பதினைந்து கோடுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாடியூலும் தன்னுடைய தவறுகளைத் தானே எண்ணிக்கொள்ளும். அனுப்பும்போது ஒரு பிழை நேர்ந்தால் கணக்கில் 8 கூடும், ஒழுங்காக அனுப்பினால் 1 குறையும். கணக்கு 127ஐத் தாண்டினால் அடக்கி வாசிக்கும். 255ஐத் தாண்டினால் பேச்சையே நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடும். தொடர்ந்து 32 முறை தப்பினால் போதும், ஒதுங்கிவிடும். ஒரு செய்தி அனுப்பவே கால் மில்லி விநாடிதான் ஆகும் என்பதால் இது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். வயரில் ஒரு லூஸ் காண்டாக்ட் ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கினாலே ஒரு மாடியூல் காணாமல் போய்த் திரும்ப வருவது இதனால்தான். மாடியூல் சாகவில்லை, விலகி நின்றது.

யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள்?

ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் மாடியூலின் பொதுவான கோடுகளை மட்டும்தான் படிக்கும். ‘என் ஸ்கேனரில் ஒன்றும் இல்லையே’ என்று சொல்வதற்கு இந்த வேலையில் மதிப்பே இல்லை. எல்லா மாடியூல்களையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கும் ஸ்கேனர் வேண்டும். அதில் கோடுகளைப் படிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, எது பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்பதைத்தான்.

ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஈசிஎம், மீட்டர், ஸ்டீயரிங், பாடி கண்ட்ரோல் நான்கும் பதில் சொல்கின்றன. நான்கும் ஏபிஎஸ் பேசவில்லை என்கின்றன. ஏபிஎஸ்ஸைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அப்படியானால் பொதுவான வயர் ஜோடி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு ஏபிஎஸ்ஸுக்குப் போகும் கிளையிலோ, அதன் கரண்டிலோ, எர்த்திலோ, கடைசியாக அந்த மாடியூலுக்குள்ளோ இருக்கிறது. மாறாக ஏபிஎஸ் பதில் சொல்கிறது, மற்ற மூன்றும் அமைதியாக இருக்க ஸ்டீயரிங் மட்டும் ‘ஏபிஎஸ் பேசவில்லை, ஈசிஎம்மும் பேசவில்லை’ என்று அழுகிறது என்றால் கோளாறு ஸ்டீயரிங் பக்கம்தான். புகார் சொல்பவரே காது கேட்காதவராக இருக்கிறார். பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு மாடியூல்கள் ஒன்றாகக் காணாமல் போனால் அவை இரண்டும் சேரும் கப்ளரையோ (வயர்களை இணைக்கும் பிளக்), பொதுவான ஃபியூஸையோ, ஒரே எர்த் போல்டையோ வயரிங் வரைபடத்தில் தேட வேண்டும். வரைபடம் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண். அனுபவசாலிகள் பலர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள், அது வேறு விஷயம்.

யு04 என்று தொடங்கும் கோடுகள் இதில் சேராது. யு0401 என்றால் இன்ஜின் மாடியூல் பேசுகிறது, ஆனால் அது சொல்லும் தகவல் நம்பும்படி இல்லை என்று பொருள். இன்ஜினில் ஒரு சென்சார் போயிருந்தால் ஈசிஎம் ‘என் டார்க் (முறுக்குவிசை) கணக்கை நம்பாதே’ என்று சொல்லிவிடும், ஏபிஎஸ் உடனே டிராக்‌ஷன் கண்ட்ரோலை நிறுத்திவிட்டு இந்தக் கோடை எழுதும். அங்கே வயரைத் தேடிப் பயனில்லை. இன்ஜின் கோடைச் சரிசெய்தால் இது தானாகப் போய்விடும்.

அப்புறம் எந்த மாடியூலும் பதில் சொல்லவில்லை என்ற நிலை. பதறுவதற்கு முன் ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டையே பார்க்க வேண்டும். 16ஆவது பின்னில் பேட்டரி வோல்ட் வர வேண்டும், 4உம் 5உம் எர்த். பல கார்களில் இந்தச் சாக்கெட்டும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃபியூஸில் இருக்கும். மட்டமான போன் சார்ஜர் ஒன்று அந்த ஃபியூஸை எரித்திருந்தால் ஸ்கேனருக்கு உயிரே வராது. 6ஆவது பின் கேன் ஹை, 14ஆவது கேன் லோ. பலரும் மல்டிமீட்டர் முனையை அழுத்திச் சொருகிச் சொருகி அந்தப் பின்கள் விரிந்துபோயிருப்பதும் உண்டு.

முதலில் பேட்டரி, பிறகு எர்த்

மாடியூல்களுக்கு வோல்டேஜ் குறைந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் மயங்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில மாடியூல்கள் ரீசெட் ஆகும், தப்பித்தவை மயங்கியவற்றின் மேல் யு கோடு எழுதிவைக்கும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும், கோடு மட்டும் நினைவில் தங்கிவிடும். வலுவிழந்த பேட்டரியோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் இருக்கும் யு கோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. எனவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது, இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து, எல்லாக் கோடுகளையும் எழுதிவைத்துக்கொண்டு அழித்து, வண்டியை ஓட்டிவிட்டு வர வேண்டும். திரும்ப வரும் கோடுதான் நமக்கு வேலை.

அடுத்தது பேசாத மாடியூலுக்குப் போகும் கரண்டும் எர்த்தும். பெரும்பாலான நேரம் இங்கேதான் விடை கிடைக்கும், பெரும்பாலான தவறும் இங்கேதான் நடக்கும். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டும், ‘கரண்ட் வருது சார், மாடியூல்தான் போச்சு’ என்று முடித்துவிடுவார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒரு கேபிளில் பத்தொன்பது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12.5 என்றே காட்டும். மாடியூல் உண்மையிலேயே கரண்டை இழுக்கும்போது அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது.

பழைய எலெக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருந்த டெஸ்ட் பல்ப் இங்கே மல்டிமீட்டரைவிட நேர்மையானது. ஏபிஎஸ் பம்ப்புக்குப் போகும் தடித்த வயர் என்றால் 55 வாட் ஹெட்லைட் பல்பை அதே கப்ளரின் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையில் போட்டுப் பார்க்கலாம். நாலரை ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் இரண்டு பக்கமும் நலம். மங்கினால், பிளஸ்ஸில் குறையா எர்த்தில் குறையா என்று பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் பிரித்துப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை மாடியூலின் எர்த் பின்னிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் போல்டைக் கழற்றித் துருவைச் சுரண்ட வேண்டியதுதான். இக்னிஷன் சிக்னல் வரும் மெல்லிய வயர்களில் இந்தப் பெரிய பல்பைப் போட்டுவிடக் கூடாது, அதற்கு 5 வாட் பல்ப் போதும். மாடியூலுக்குள்ளிருந்து வெளியே வரும் கேன் வயர்களில் எந்தப் பல்பும் கூடவே கூடாது.

எர்த் கெட்டால் இன்னொரு வினோதமும் நடக்கும். மாடியூல் சாகாது, ஆனால் அதன் ‘பூஜ்யம்’ மேலே ஏறிவிடும். அது 2.5 என்று நினைத்து வைப்பது மற்றவர்களுக்கு 3.5 என்று தெரியும். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் ஓடும்போது மட்டும் வரும் கோளாறுகளில் இதைச் சந்தேகிக்கலாம்.

60 ஓம் சொல்வதும் சொல்லாததும்

கேன் ஜோடியின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பெரும்பாலும் தனியாகத் தெரியாது, ஈசிஎம்முக்குள் ஒன்றும் பாடி கண்ட்ரோல் அல்லது மீட்டர் போர்டுக்குள் ஒன்றும் ஒளிந்திருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் 6ஆவது, 14ஆவது பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மாடியூல்கள் விழித்திருக்கும்போது அளந்தால் மல்டிமீட்டர் உளறும்.

120 காட்டினால் எங்கோ ஒரு கோடி துண்டாகிவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஹையும் லோவும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. 40 காட்டினால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள், 120 ஓம் மூன்று இணையாக இருந்தால் கணக்கு சரியாக 40தான் வரும். இப்படிப்பட்ட வண்டியில் பிற்பாடு மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவைக் காரின் கேன் வயரோடு இணைக்கும் கேன் பாக்ஸை முதலில் கழற்றிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதுவரை யூடியூபில் எல்லாரும் சொல்வதுதான். அதிகம் சொல்லாதது, 60 ஓம் வந்தாலும் வயரிங் நலம் என்று அர்த்தமில்லை என்பது. நடுவில் இருக்கும் மாடியூல்களுக்குள் இந்த 120 ஓம் ரெசிஸ்டர் கிடையாது. எனவே ஏபிஎஸ்ஸுக்குப் போகும் கிளை முழுதாக அறுந்து தொங்கினாலும் சாக்கெட்டில் 60 ஓம்தான் காட்டும். ஹை வயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் இரண்டு வயருக்கு இடையே அளந்தால் தெரியாது. ஒவ்வொரு வயரையும் எர்த்துக்கும் பிளஸ்ஸுக்கும் எதிராகத் தனித்தனியாக அளந்தால்தான் அகப்படும். பேசாத மாடியூலின் கப்ளரைக் கழற்றி அந்தக் கப்ளரின் பின்களிலேயே 60 ஓம் வருகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அங்கே 60 வந்தால் அந்தக் கிளை அறுபடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கோடியில் இருக்கும் மாடியூலைக் கழற்றி அளந்தால் எதிர்க்கோடியின் 120 மட்டும் தெரியும், அது சரிதான்.

புதிய வண்டிகளில் இன்னொரு தடையும் உண்டு. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கீயை இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சாக்கெட்டுக்கும் உள் வயர்களுக்கும் நடுவே கேட்வே என்ற காவல் மாடியூலை வைப்பது வேகமாகப் பரவியது. அப்படிப்பட்ட வண்டியில் சாக்கெட்டில் அளப்பது கேட்வே வரைக்குமான இரண்டடி வயரை மட்டும்தான். உள்ளே இன்ஜினுக்கு ஒரு ஜோடி, பாடிக்கு ஒரு ஜோடி, கேமரா ரேடார் வகையறாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றையும் கேட்வேயின் கப்ளரில்தான் அளக்க வேண்டும்.

பழைய ஐரோப்பிய கார்கள் சிலவற்றின் பாடி நெட்வொர்க்கில் மெதுவாக ஓடும் வேறு வகைக் கேன் இருக்கும். அதில் 60 ஓம் கணக்கும் 2.5 வோல்ட் கணக்கும் செல்லாது. கண்ணாடி மோட்டார், மழை சென்சார் போன்றவற்றில் இருக்கும் லின் என்பது ஒற்றை வயர், 12 வோல்ட்டில் ஓடுவது. இவற்றைக் கேன் என்று நினைத்து அளந்தால் இல்லாத கோளாறெல்லாம் தெரியும்.

ஆஸிலோஸ்கோப் இருந்தால்

மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், ஆஸிலோஸ்கோப் வோல்டேஜ் ஏறி இறங்குவதை அலையாக வரைந்து காட்டும். நெட்வொர்க் விழித்திருக்கும்போது ஹை 2.6 அல்லது 2.7, லோ 2.3 அல்லது 2.4 என்று வரும், இரண்டையும் கூட்டினால் 5ஐ ஒட்டி இருக்கும். கூட்டுத்தொகை 5ஐ விட்டு ரொம்ப விலகினால் ஒரு வயர் எங்கோ தப்பான இடத்தைத் தொடுகிறது. இரண்டும் அசையாமல் ஒரே 2.5இல் நின்றால் ஹையும் லோவும் ஒட்டியிருக்கலாம்.

இரண்டு சேனல் ஸ்கோப்பில் இரண்டு அலைகளும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராகத் தெரிய வேண்டும். 500 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட் 2 மைக்ரோ விநாடி. ஒரு அலை உயரம் குறைந்தோ மூலைகள் வளைந்தோ இருந்தால் ரெசிஸ்டரிலோ ஈரமான கப்ளரிலோ சந்தேகம். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு பிட் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நிற்பதைக் கோளாறு என்று நினைத்துவிடக்கூடாது. கேட்ட எல்லா மாடியூல்களும் ஒரே நேரத்தில் ‘கேட்டுக்கொண்டேன்’ என்று இழுப்பதால் அந்த உயரம் வருகிறது. அது நல்ல சகுனம்.

மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டால் குற்றவாளி ஒரே ஒரு மாடியூலாகவோ ஒரு கிளையாகவோ இருக்கும், ஆனால் எது என்று ஸ்கேனர் சொல்லாது. எல்லா மாடியூல்களையும் கழற்றிப் பார்ப்பதற்குப் பதிலாக நடுவில் உள்ள கப்ளரைக் கழற்றி நெட்வொர்க்கைப் பாதியாகப் பிரிப்பது புத்திசாலித்தனம். எந்தப் பாதியில் அலை திரும்ப வருகிறதோ அந்தப் பாதி நிரபராதி. மிச்சத்தை மறுபடி பாதியாக்கினால் மூன்று நாலு தடவையில் ஆள் அகப்படுவான். ஸ்கோப்பை மாட்டிவைத்துக்கொண்டே கழற்ற வேண்டும், கழற்றிய நொடியில் அலை மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

நம் ஊர்க் காரணங்கள்

புத்தகத்தில் வராத காரணங்களில் முதலிடம் எலிக்கு. இரவில் சூடாக இருக்கும் இன்ஜினுக்கு மேலே ஏறி ஹார்னஸ் என்ற வயர்க் கட்டைக் கடித்துவைக்கும். கேன் வயர் மெல்லியது, இரண்டில் ஒன்று மட்டும் அறுந்தால் கோளாறு இன்னும் மோசம். அந்த மாடியூல் ஒற்றை வயரில் பேச முயன்று மற்றவர்களின் பேச்சையும் குழப்பும்.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் டேஷ்போர்டு வரை மூழ்கிய கார்கள் ஏராளம். காயவைத்து, கார்ப்பெட்டைக் கழுவி, ஓடுகிறது என்று விற்றுவிட்டார்கள். டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் கீழே உள்ள கப்ளர்களில் எப்போதும் 12 வோல்ட் வரும் பின்தான் முதலில் பச்சை பிடிக்கும். ஈரத்தில் பிளஸ் பக்கம் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். வயரின் இழைகளுக்கு இடையே தண்ணீர் ஏறிப்போய் மூழ்காத மாடியூலையும் தொடும். கோளாறு வருவது மாதங்கள் கழித்து. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுவார்கள். அதோடு சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கப்ளரையும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். ஏர்பேக் கப்ளர் அது, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கழற்றக்கூடாது.

மூன்றாவது, சென்னை ஜிபி ரோடு மாதிரியான கார் சாமான் கடைகளில் மாட்டிய சாமான்கள். அலாரம், ரிமோட் லாக், ஃபாக் லாம்ப், ஸ்டீரியோ. நல்ல கடையில் கப்ளரோடு மாட்டினால் பிரச்சினை இல்லை. வயரை உரித்துச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இரண்டு கோடையில் பசை இளகி டேப் கழன்றுவிடும். நாலாவது, பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மீட்டர் போர்டு. அது டாப் வேரியன்ட்டிலிருந்து வந்திருந்தால் உங்கள் வண்டியில் இல்லாத மாடியூலைத் தேடிக்கொண்டே இருக்கும், கிடைக்காமல் யு கோடு எழுதும். இதற்கு எந்த வயரைத் தொட்டும் பயனில்லை. அந்த மீட்டருக்கு ‘இந்த வண்டியில் இன்னின்னது மட்டும்தான் இருக்கிறது’ என்று ஸ்கேனரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

லாரிகளிலும் இதே கதை, கேனின் ஜே1939 என்ற வடிவத்தில், பெரும்பாலும் 250 கிலோபிட் வேகத்தில். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும்போது சேஸிஸில் வெல்டிங் வைப்பார்கள். பேட்டரியையும் மாடியூல் கப்ளர்களையும் கழற்றாமல் வெல்டிங் அடித்தால் அந்தக் கரண்ட் எர்த் வழியாக எந்த மாடியூலுக்குள்ளும் புகுந்து வெளியேறலாம். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

கரண்ட் சரி, எர்த் லோடு போட்டும் சரி, மாடியூலின் கப்ளரிலேயே 60 ஓம், அங்கே அலையும் சுத்தமாக வருகிறது, ஆனால் மாடியூல் வாயைத் திறக்கவில்லை. அப்போது மாற்றலாம். இதற்கு முன்னால் மாற்றுவது சூதாட்டம், அதுவும் வாடிக்கையாளர் பணத்தில். எலெக்ட்ரிக்கல் பாகங்களைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புது மாடியூலுக்கு வண்டியின் விவரங்களை எழுத வேண்டும். ஈசிஎம், பாடி கண்ட்ரோல் என்றால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்போடு சேர்த்துச் சாவியையும் பழக்க வேண்டும். கோளாறு வயரில் இருந்தால் புது மாடியூலும் பேசாது, அதற்குள் பழையதில் இருந்த தகவல் கைவிட்டுப் போயிருக்கும்.

அறுந்த கேன் வயரை ஒட்டும்போது முறுக்கைச் சில சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. இரண்டு ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டு, சால்டர் அடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூட வேண்டும். பிறகு பழைய முறுக்கைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கோடுகளை எல்லா மாடியூல்களிலும் அழித்துவிட்டு, எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில் ஓட்ட வேண்டும். மேடு பள்ளத்தில் வந்தது என்றால் மேடு பள்ளத்தில், மழையில் வந்தது என்றால் தண்ணீர் அடித்து, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் வந்தது என்றால் இரண்டையும் போட்டு. மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் அடித்தவுடன் இன்னொரு முறை முழு ஸ்கேன். அதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் பில் போடலாம்.